மோட்டார் வண்டிக்கு மாற்று டயர் தெரிந்தெடுத்தல்

தோற்றுவாய்

மக்கள் கண்டறிந்த பழமையான கருவிகளுள் சக்கரமும் ஒன்று. நம் நாட்டு மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவே குடம், குடத்தினின்று புறப்படும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வட்டை, வட்டையைச் சுற்றி இறுகப் பற்றிய இரும்புப் பட்டை. தச்சன் எத்துணை நுட்பமாக வட்டையை இழைத்தாலும், கொல்லன் அப்பட்டையைக் காய்ச்சிச் சரியான அளவில் மாட்டாவிடின் சக்கரம் நெடுநாள் நில்லாது. மோட்டார் வண்டியின் டயரும் அவ்விரும்புப் பட்டையின் வழித்தோன்றலே யாகும். வண்டியின் உறுப்புக்களுள் பாதையைத் தொடுவது அஃதொன்றே. எஞ்சின் எத்துணை வலிமையுடையதாயினும், பிரேக் எத்துணைச் சிறந்ததாயினும், அவற்றின் ஆற்றலெல்லாம் நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு இடங்களின் வாயிலாகவே செயற்படல் வேண்டும். அவ்விடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினதே. நான்கு உள்ளங்கைகளின் மேல் ஒரு குடும்பம் முழுவதும் அமர்ந்து செல்கின்றது என்று எண்ணுங்கால், தேய்ந்த டயரைக் களைந்து மாற்று டயர் தெரிந்தெடுத்தல் எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பது தானே விளங்கும்.

இலக்கியம் பயிலும் மாணவன் டயரைப் பற்றி எழுதுவது எற்றுக்கு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பெருவழியில், உத்திரமேரூர்ப் பகுதியைச் சார்ந்து, பாலாற்றங்கரையில் அமைந்தது பழையசீவரம். எதிர்க்கரையில் திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் அது. அவ்வழியே ஜல்லி ஏற்றிய லாரிகளும், ஒரகடத்துத் தொழிற்சாலைகட்கு ஆள் கொண்டு செல்லும் பேருந்துகளும், வாடகைக் கார்களும் இரவு பகலாய் ஓடுகின்றன. நள்ளிரவில் மகப்பேற்று நோவு கண்டவளைச் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் பெரும்பாலும் அத்தகைய வாடகைக் கார்களுள் ஒன்றே. அந்நேரத்தில் அவ்வண்டியின் டயர் எத்தன்மையது என்பது ஊரார் அனைவர்க்கும் உரிய கேள்வியன்றோ? ஆதலின் இப்பொருளை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

டயரின் வரலாறு

ரப்பர் என்னும் மரப்பால் இயல்பில் வெயிலில் இளகுவதும் குளிரில் விறைப்பதுமாய் இருந்தது. அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றினால் உறுதியும் நெகிழ்ச்சியும் ஒருங்கே பெறும் என்பதை அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். காற்றடைத்த டயருக்கு முதன்முதல் உரிமை பெற்றவர் ஸ்காத்லாந்தியராகிய ராபர்ட் வில்லியம் தாம்ஸன், ஆண்டு 1845. எனினும் அது வழக்கிற்கு வந்திலது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப் தம் மைந்தனுடைய மூன்று சக்கரச் சைக்கிளுக்காக அதனை மீண்டும் புனைந்தார். 1895இல் பாரீஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் மிஷெலின் சகோதரர் மோட்டார் வண்டிக்கே அதனைப் பூட்டி ஓட்டிக் காட்டினர்.

நம் மாநிலத்திற்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பார் 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் டயரின் மேற்பட்டைக்குரிய ரப்பர் செய்தார். பின்னர் டயரே செய்தார். அச்சிறு கொட்டகையே இன்று எம்.ஆர்.எஃப். என்னும் பெருநிறுவனமாய் வளர்ந்துள்ளது. எங்களூர்க்கு அணித்தாய ஒரகடத்தில் அப்போலோ டயர் தொழிற்சாலை 2010 முதல் இயங்குகின்றது. டயர் பிறக்கும் இடத்திற்கு இத்துணை அருகில் வாழும் நாம் அதனைத் தெரிந்து வாங்க அறியாதிருத்தல் தகுமா?

எப்பொழுது மாற்றல் வேண்டும்?

டயரின் மேற்பட்டையில் பள்ளமும் மேடுமாய் வார்த்திருக்கும் அமைப்பை நம் பக்கத்தார் ‘பட்டன்’ என்பர். அழகிற்காக அமைந்ததன்று அது. மழைநீர் அப்பள்ளங்களின் வழியே ஒதுங்கினாலன்றி ரப்பர் தரையைத் தொடமாட்டாது. புதிய டயரில் அப்பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் உடையது. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு குறுக்கு மேடுகளை வார்த்து வைத்திருப்பர். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அம்மேட்டின் மட்டத்திற்கு வந்துவிடின், அந்த டயர் சட்டப்படியும் தன் பணியினின்று ஓய்ந்தது என்க. சட்டத்தின் எல்லை இதுவாயினும், அறிவுடையார் அவ்வெல்லை வரைக்கும் காத்திரார். பள்ளம் ஆழம் குறையக் குறைய, ஈரத்தில் வண்டி நிற்க வேண்டிய தூரம் நீளும். ஆதலின் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்பொழுதே, ஐப்பசி மழைக்கு முன்னர், மாற்றிக் கொள்ளுதல் நலம்.

தேய்மானம் நமக்குப் பாடம் சொல்லும் ஆசிரியனும் ஆகும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகை; இரு விளிம்பும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறை; ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பின் சக்கரம் நேராக நிற்கவில்லை; திட்டுத்திட்டாய்த் தேய்ந்திருப்பின் சக்கரச் சமன் கெட்டது, அல்லது அதிர்வு தாங்கி தளர்ந்தது. இக்குறைகளைத் தீர்க்காமல் புதிய டயர் பூட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போலும்.

பக்கச் சுவரில் புடைப்புத் தோன்றினும், உள்ளிழை தெரியும்படி வெட்டுண்டினும், பட்டன் எத்துணை ஆழமாயிருப்பினும் அந்த டயரை அன்றே நீக்கல் வேண்டும். லாரியினின்று சிதறிய கூரிய ஜல்லி எங்களூர்ச் சாலையில் இவ்வகைக் கேட்டை அடிக்கடி விளைக்கும். மேற்பட்டையில் பட்ட ஆணித்துளையைப் பஞ்சர் கடையில் அடைக்கலாம். பக்கச் சுவரில் பட்டதை அடைத்து ஓட்டலாகாது. ஓடும்போது ஓயாது வளைந்து நிமிர்வது அச்சுவரே யாதலின், அடைப்பு அங்கே நிலையாது.

கல்வெட்டும் டயரெழுத்தும்

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு, கி.பி. 919, 921ஆம் ஆண்டினவாக உள்ளன. ஊர்ச்சபையின் வாரியங்கட்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த குடவோலை முறையை அவை விரித்துரைக்கின்றன. அம்முறையின் நுட்பம் யாதெனில், ஓலையைக் குடத்தில் இடுவதற்கு முன்னரே தகுதியும் தகுதியின்மையும் வரையறுத்தமையாம். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேற்பட்டு 70க்கு உட்பட்ட வயது முதலியன உடையார் பெயரே குடத்தினுட் புகும்; முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதார் பெயர் புகாது.

டயர் தெரிந்தெடுப்பார்க்கும் இவ்வொழுங்கே ஏற்றது. முதலில் தகுதியற்றவற்றை விலக்குக, எஞ்சியவற்றுள் தேர்க. பலரோ இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். விலையை முன் கேட்டு, நிறுவனத்தின் பெயரைப் பின் கேட்டு, அளவைக் கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிடுகின்றனர். அளவும் தகுதியும் டயரின் பக்கச் சுவரிலேயே எழுதியுள்ளன. கல்வெட்டைப் படிப்பது போல அவ்வெழுத்தைப் படிக்கக் கற்றல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு டயரில் ‘165/80 ஆர் 14 85 டி’ என்று உளது எனக் கொள்வோம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்துணைப் பங்கு என்பது. அஃதாவது 132 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பு. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 85 என்பது சுமைக் குறியீடு, கிலோகிராம் அன்று. அட்டவணைப்படி 85 என்பதற்கு ஒரு டயர் தாங்கும் சுமை 515 கிலோகிராம். 82 என்பதற்கு 475. இறுதியிலுள்ள ‘டி’ வேகக் குறியீடு. மணிக்கு 190 கிலோமீட்டர். ‘எஸ்’ எனின் 180. ‘எச்’ எனின் 210.

“எங்கள் சாலையில் 190 கிலோமீட்டர் வேகத்தில் யார் ஓடுவார்? குறைந்த குறியீடே போதுமே” என்பார் உளர். வேகக் குறியீடு டயரின் வெப்பந் தாங்கும் திறனையும் காட்டுவது என்பதை அவர் அறிதல் வேண்டும். டயர் உருளுந்தோறும் வளைந்து நிமிர்ந்து தன்னுள்ளே சூடு கொள்ளும். சுமை ஏற ஏறச் சூடும் ஏறும். சித்திரை வெயிலிற் காய்ந்த தார்ச்சாலையில், ஆட்களும் மூட்டைகளும் நிறைந்த வண்டியில், காற்றுங் குறைந்திருப்பின் டயர் வெடித்தற்கு வேறு காரணம் வேண்டா. பாரம் மிகின் அச்சு முரியும் என்பது வள்ளுவர் காலத்தும் அறிந்த உண்மை. இக்காலத்து அவ்வுண்மை டயருக்கும் உரியது. ஆதலின், வண்டி செய்தார் குறித்த சுமைக் குறியீட்டினும் வேகக் குறியீட்டினும் தாழ்ந்த டயரைக் கொள்ளற்க. உயர்ந்தது கொள்ளின் குற்றமில்லை.

இனிப் பிறந்த நாள். பக்கச் சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். ‘2324’ எனின், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது என்பது பொருள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் மூப்படையும். வெயிலும் காற்றும் அதனை வெடிக்கச் செய்யும். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்டுக என்றும், பத்தாண்டு கடந்ததைப் பட்டன் இருப்பினும் நீக்குக என்றும் டயர் செய்வோர் பலரும் அறிவுறுத்துகின்றனர். எனவே ‘புதியது’ என்று கடைக்காரர் தரும் டயரின் பிறந்த நாளைப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணித் தருக. ஐ.எஸ்.ஐ. முத்திரை உளதா என்பதையும் காண்க. கார் டயருக்குரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 15633.

அளவை மாற்றலாமா?

அகன்ற டயர் பூட்டினால் வண்டி கம்பீரமாகத் தோன்றும் என்று இளைஞர் பலர் விரும்புகின்றனர். ஆசையைக் கணக்கால் அளந்து பார்த்தல் நன்று. 165/80 ஆர் 14 டயரின் முழு விட்டம் வருமாறு: சுவர் உயரம் 132, மேலும் கீழுமாக இருமுறை, 264, ரிம் 14 அங்குலம், அஃதாவது 355.6, கூட்டினால் 619.6 மில்லிமீட்டர். இதற்கு மாற்றாக 185/65 ஆர் 15 கொள்ளின், ரிம்மையும் மாற்றவேண்டும், விட்டம் 621.5. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. 165/70 ஆர் 14 கொள்ளின், ரிம் அதுவேயாயினும் விட்டம் 586.6 ஆகிவிடும், நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட குறைவு. அப்பொழுது வேகமானி 60 என்று காட்டுங்கால் வண்டி மெய்யாக ஓடுவது ஏறக்குறைய 57. ஓடிய தூரமும் மிகையாகவே பதியும். வண்டியின் அடிப்பாகம் தரைக்கு ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு மேல் நெருங்கும். நேர்மாறாகப் பெரிய டயர் கொள்ளின், வேகமானி குறைத்துக் காட்டும். ஓட்டுநர் தம் வேகத்தை அறியாது விரைவர். இஃது அதனினும் கொடிது.

விட்டம் ஒத்திருப்பினும் அமையாது. அகலம் மிகின் சக்கரத்தைத் திருப்புங்கால் வண்டியின் உடம்பில் உரையலாம். எரிபொருட் செலவும் ஏறும். ஆதலின் சாதாரணமாக, ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டிய தாளிலோ வண்டியின் கையேட்டிலோ குறித்த அளவையே கொள்ளுதல் கடன். வேறளவு வேண்டுவார் அக்கையேடு இசையும் எல்லைக்குள்ளேயே நிற்க.

வகையறிந்து கொள்ளல்

பழைய அமைப்பில் டயரின் உள்ளிழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சாய்வாகச் செல்லும். 2014 வரை உருவான அம்பாஸடர் வண்டியின் முன்னாளைய 5.90–15 டயர் அவ்வினத்தது. ரேடியல் டயரில் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்பிற்கு நேராகச் செல்ல, மேற்பட்டையின் கீழ் எஃகுக் கம்பிப் பட்டைகள் இறுக்கும். இதனால் சூடு குறையும், தேய்மானம் குறையும், பிடிப்பு மிகும். இன்றைய கார்களுக்கெல்லாம் ரேடியலே உரியது. ஒரே அச்சில் இருவினத்தையும் கலத்தல் ஒருபோதும் ஆகாது.

இனிப் பட்டனின் வடிவும் ரப்பரின் இயல்பும். வன்மையான ரப்பர் நெடுந்தூரம் உழைக்கும்; மென்மையானது ஈரத்தில் நன்கு பற்றும். இரண்டையும் முற்றப் பெறுதல் அரிது. தூரம் மிகுதியும் ஓடும் வாடகை வண்டிக்காரர் உழைப்பையே நோக்குவர், அது இயல்பே. ஆயினும் எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை மூன்று திங்கள் சாலையை நனைக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகியதை மறந்தாரில்லை. ஆகலின் நீளவாட்டில் அகன்ற நீர்வழிகள் உடையதும் ஈரப்பிடிப்பில் நற்பெயர் உடையதுமான டயரையே முதலிற் கருதுக. உருளுதடை, ஈரப்பிடிப்பு, ஒலி ஆகிய மூன்றற்கும் மத்திய அரசு 2022இல் விதி திருத்தி எல்லை வகுத்துள்ளது. சேற்று நிலத்திற்குரிய முரட்டுப் பட்டன் தார்ச்சாலைக்கு வேண்டா. ஒலி மிகும், தேய்மானமும் மிகும்.

ஏழ்மையும் கணக்கும்

எங்களூரில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் இவற்றைக் கூறினேன். “தம்பி, நீ சொல்வது சரி. ஆனால் நான்கு புது டயர் என்றால் ஒரு மாத வருமானம் போய்விடும். பழைய டயர் கால் விலைக்குக் கிடைக்கிறதே” என்றார். இச்சொல்லை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வண்டிக் கடன் தவணையும் ஒரே திங்களில் வந்து நிற்கும் இல்லத்தில் டயர் கடைசியில் நிற்பது வியப்பன்று. எனவே அவரோடு அமர்ந்து ஒரு கணக்கிட்டோம். விலைகள் கணக்கின்பொருட்டுக் கொண்டவை. புதிய டயர் 5,000 ரூபாய். 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்க. கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரைக் காசு. பழையது 1,500 ரூபாய். 8,000 கிலோமீட்டர் உழைக்கும் என்க. கிலோமீட்டருக்குப் பதினெட்டே முக்காற் காசு. மலிவென்று வாங்கியதே விலை மிக்கது! மேலும், பழைய டயரின் உள்ளே நேர்ந்த காயத்தைப் புறத்தே பார்த்து அறிதல் இயலாது. காற்றுக் குறைந்து ஓடிய டயரின் உள்ளிழை தளர்ந்திருக்கும். மேலே பட்டன் மட்டும் பொலிவாய் நிற்கும்.

நான்கும் ஒருங்கே மாற்றப் பொருள் இல்லாதார்க்கு நேரிய வழி ஒன்று உண்டு. இரண்டிரண்டாக மாற்றுக. ஓர் அச்சின் இரு டயரும் ஒரே அளவும் ஒரே இனமும் ஒத்த தேய்மானமும் உடையனவாதல் வேண்டும். அவ்விரு புதிய டயர்களையும் எங்கே பூட்டுவது? முன்னே என்பார் பலர். பின்னே என்பதே வல்லுநர் முடிபு. ஈரத்தில் முன் டயர் வழுக்கின் வண்டி திரும்ப மறுத்து நேரே செல்லும். வேகத்தைத் தணித்தால் பெரும்பாலும் மீண்டும் வசப்படும். பின் டயர் வழுக்கின் வண்டியே சுழலும். தேர்ந்த ஓட்டுநர்க்கும் அதனை மீட்டல் அரிது. ஆதலின் நல்ல பிடிப்புப் பின்னச்சிற்கே உரியது. அண்ணன் அடுத்த திங்களில் இரண்டே புது டயர் வாங்கிப் பின்னே பூட்டினார். எஞ்சிய இரண்டிற்கும் நாள்தோறும் ஒரு தொகை ஒதுக்கி வருகின்றார்.

மேற்பட்டை புதுக்கும் ரீட்ரெட் முறை லாரிக்கும் பேருந்துக்கும் ஏற்ற சிக்கனமே. அவற்றின் டயர் அதற்கென்றே திண்ணிய கட்டுடையது. காருக்கு அதனை நாடாதிருத்தல் நலம்.

பூட்டிய பின்னர்

தக்க டயரைக் கொண்டபின் கடமை முடிந்ததென்று எண்ணற்க. ட்யூபில்லா டயராயின் வால்வையும் உடன் மாற்றுக. சக்கரச் சமனும் நேரமைப்பும் பார்ப்பிக்க. காற்றின் அளவு கதவுச் சட்டத்திலுள்ள தாளிற் குறித்தபடி இருத்தல் வேண்டும். டயரின் சுவரில் எழுதியது அது தாங்கும் மேலெல்லையே. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காலையில் அளப்பதே உண்மையளவு. திங்களுக்கு இருமுறையேனும் அளக்க, ஸ்டெப்னியை மறவற்க. புதிய டயரின் மேல் வார்ப்பு வழவழப்பு நீங்கும் வரை முதற் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகச் செல்க.

முடிவுரை

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் உளது. ஒருவரைப் பணியில் அமர்த்துமுன் ஆராய்தலை அது கூறுகின்றது. ஆராயாது நம்பியதால் வரும் துன்பம் நம்பியவர் ஒருவரோடு நில்லாது என்பது நாம் அறிந்ததே. டயரும் நம்மை நம்பியவரைச் சுமக்கும் பணியாளன். வண்டி ஓட்டுவோர் அதனை ஆராயலாம். பின்னிருக்கையில் நோவோடு படுத்திருப்பவள் ஆராயமாட்டாள். அவள் பொருட்டு ஆராயும் கடமை நம்முடையது. இதனைப் படிக்கும் நண்பர்கள் விடுமுறைக்கு இல்லம் செல்லுங்கால், தம் தந்தையர் வண்டியின், அல்லது தம்மூர் வாடகை வண்டியின் பக்கத்தே ஒருமுறை குனிந்து, பட்டனையும் அந்நான்கு இலக்கங்களையும் படித்துப் பார்ப்பாராக. ஒரு நிமிடத்து வேலையே அது. ஒரு குடும்பம் இல்லஞ் சேர்வது அதனைச் சார்ந்திருத்தலும் கூடும்.